பிரிவுக்கும் தவணை வேண்டும்



நம் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளினின்று வக்கீல் தொழிலிற் புகும் இளைஞர் பலர். அடியேனிடம் தமிழ் பயின்ற ஒருவர் சென்னையில் கம்பெனிச் சட்ட வக்கீலாக விளங்குகின்றார். விடியலில் அவர் ஆவடியில் ரயிலேறப் புறப்படுங்கால் குழந்தை உறங்கும். இரவில் மீளுங்காலும் உறங்கும். அவர்தம் மனைவியார், "இஃது எத்தனை நாளைக்கு என்று மட்டுமேனும் சொல்லட்டும், ஐயா" என்றார். யான் விடையின்றி நின்றேன்.

பின்னர்த் தொல்காப்பியக் கற்பியலை நோக்கினேன். தலைவன் வினைமேற் பிரிதலை ஆசிரியர் விலக்கினாரல்லர், எல்லை வகுத்தார். கல்விக்கு 3 ஆண்டு. வேந்தன் தொழிற்கு ஓராண்டு. காத்திருப்பாள் நாளெண்ணி ஆற்றியிருத்தற்கு அதனால் இடமுண்டாயிற்று.

அவ் வக்கீல் நடத்தும் வழக்குகளுக்கும் எல்லையுண்டு. நொடித்த கம்பெனியின் விவகாரம் 180 நாளில் முடிதல் வேண்டும், நீட்டிப்பும் 90 நாளுக்கு மிகலாகாது என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. அத்தவணையே அவர்தம் இரவுகளைக் கொள்கின்றது. கடன் கொடுத்தோர்க்குத் தவணை கூறுவார், இல்லாளுக்குக் கூறலாகாதோ?

1923-ஆம் ஆண்டுச் சட்டம் மகளிர்க்கும் இத்தொழிலைத் திறந்தமையின், இன்று பிரிவோருள் தலைவியரும் உளர். ஆதலின் இக்கடமை இருபாலார்க்கும் பொது.

இதனை அம்மாணவர்க்கு உரைத்தேன். "இவ்வழக்கு பங்குனியில் முடியும், அதுகாறும் ஞாயிறு மாலை நம் வீட்டுக்கே" என்று மனைவியாரிடம் வாக்களித்து, அதனைக் காத்தும் வருகின்றார்.

அன்பர்களே! பொருளீட்டப் பிரிக, தவணை கூறிப் பிரிக, கூறிய நாளில் மீள்க. இதுவே என் வேண்டுகோள்.