பட்டத்தைக் களத்தில் வைத்து மதிப்பிடுவோம்



பொது சுகாதாரமும் சுகாதார நிர்வாகமும் கற்றுத்தரும் பட்டப்படிப்புகளை எப்படி மதிப்பிட்டுச் செம்மைப்படுத்துவது என்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இந்த மாநிலம் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கும் வேறொரு மதிப்பீட்டை உங்கள் முன் வைக்கிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு தாய் பேறுகாலத்தில் இறந்துபோனால், அந்த மரணத்தை ஒரு கோப்பில் எழுதி மூடிவிடுவதில்லை. கிராம சுகாதார செவிலியர் தகவல் சொல்கிறார். மருத்துவ அலுவலர் அந்த வீட்டுக்கே போகிறார். கணவரிடமும் மாமியாரிடமும் பொறுமையாகக் கேட்கிறார். வலி எப்போது கண்டது? வண்டி எத்தனை மணிக்குக் கிடைத்தது? முதலில் போன ஆஸ்பத்திரியில் யார் பார்த்தார்கள்? ரத்தம் இருந்ததா? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது கூடவே யார் போனார்கள்? அதற்குப் பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம் நடக்கிறது. இறந்தவரின் உறவினர்களையும் அங்கே அழைத்து, நடந்ததை அவர்கள் வாயாலேயே கேட்கிறார்கள். குற்றவாளியைத் தேடும் கூட்டம் அல்ல அது. புறப்படுவதில் தாமதமா, போய்ச் சேருவதில் தாமதமா, போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதமா என்று பார்த்து, அந்த ஓட்டையை அடைப்பதற்கான கூட்டம். 2001-03 காலத்தில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 134 தாய்மார்களை இழந்தோம். 2018-20-ல் அது 54. இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும், அங்கே பணியமர்த்திய செவிலியர்களும், 108 ஆம்புலன்சும் இதைச் சாதித்தன. ஒவ்வொரு சாவையும் எடுத்துவைத்துக் கேள்வி கேட்ட அந்தப் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு.

பெரியோர்களே, ஒரு பட்டப்படிப்பை மதிப்பிடவும் இதே துணிவு வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இப்போது எப்படி நடக்கிறது? பாடத்திட்டக் குழு கூடுகிறது. பேராசிரியர்கள் வருகிறார்கள்; வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருகிறார்கள். ஒரு தாளின் தலைப்பு மாறுகிறது, ஓர் அலகு சேருகிறது, நூல் பட்டியலில் புதுப் பதிப்பு ஏறுகிறது. அவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மேசையில் சுகாதார ஆய்வாளர் இல்லை. கிராம சுகாதார செவிலியர் இல்லை. ஐந்து வருடம் முன்பு அதே பட்டத்தை வாங்கிக்கொண்டு போன மாணவரும் இல்லை. தாய் மரணத்துக்கு உறவினரை அழைத்து உட்காரவைத்துக் கேட்கத் தெரிந்த நமக்கு, பட்டத்தின் பலனை அனுபவிக்க வேண்டியவர்களை அழைத்துக் கேட்கத் தோன்றவில்லை.

அப்படிக் கேட்காததால் எது விடுபடுகிறது என்று பார்க்க, ஓர் ஊரில் வயிற்றுப்போக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுகலைப் பட்டம் படித்த நம் மாணவி அங்கே போகிறாள். நோயாளிகளைத் தெருவாரியாகக் குறித்து வரைபடம் போடுவாள், பட்டியல் தயாரிப்பாள், எந்தக் குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு நோய் கூடுதல் என்று கணக்கும் போட்டுவிடுவாள். அதை நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறோம். அடுத்து, தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் சில துளி மருந்து விட்டுப் பார்க்கிறாள். மஞ்சள் நிறம் வரவேண்டும். வரவில்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது அந்தக் குழாயில் மிஞ்சியிருக்க வேண்டும், துளிகூட இல்லை.

இனிமேல்தான் உண்மையான தேர்வு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் 120 கிராம் பிளீச்சிங் பவுடர் வேண்டும். டேங்க் ஆபரேட்டர் அதைப் போட்டேன் என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. மூட்டை ஈரத்தரையில் வாய் திறந்து மாதக்கணக்கில் கிடந்தது. அதிலிருந்த குளோரின் போய்விட்டது. புது மூட்டை வாங்க வேண்டியது ஊராட்சி. எந்தக் கணக்கிலிருந்து வாங்குவது? யார் கையெழுத்துப் போட வேண்டும்? குழாய் சாக்கடையைத் தாண்டிப் போகும் இடத்தில் உடைந்திருந்தால் அதைச் சரிசெய்வது ஊராட்சியா, ஒன்றியமா, குடிநீர் வாரியமா? யாருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில்? அந்த மாணவிக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. நாம் சொல்லித்தரவில்லை. நோய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டு, அதை நிறுத்த வழி தெரியாமல் அவள் அந்தக் குழாயடியில் நிற்கிறாள். நிர்வாகம் என்ற பெயரில் நாம் நடத்தும் தாளில் மேலாண்மைக் கோட்பாடுகள் இருக்கின்றன. ஊராட்சியின் வரவு செலவும், கிடங்குப் பதிவேடும், கொள்முதல் விதியும் இல்லை.

அப்படி நோட்டீஸ் கொடுக்க வழிசொல்லும் சட்டத்தை நாம் வெளியில் தேட வேண்டியதில்லை. 1939-லேயே சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் இயற்றியது. குடிநீர், வடிகால், கொசு, தொற்றுநோய் அறிவிப்பு எல்லாம் அதில் உண்டு. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே வைத்திருக்கிறார்கள். லட்சம் பேர் கூடும் இடத்தில் காலரா புறப்பட்டுவிடக் கூடாது என்று பயந்து யோசித்த மனிதர்கள் எழுதியது அது. மருத்துவத்துக்கு ஓர் இயக்ககம், பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்ககம் என்று பிரித்துவைத்த மாநிலம் இது. இங்கே பட்டம் வாங்கும் மாணவர் அந்தச் சட்டத்தை ஒருமுறையாவது முழுசாகப் படித்திருக்க வேண்டாமா?

ஆராய்ச்சியாளரை உருவாக்குவதா, களத்து அதிகாரியை உருவாக்குவதா என்ற வழக்கு பழையது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1916-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு பொது சுகாதாரக் கல்வி நிலையம் உருவானபோதே அது எழுந்தது. அங்கே ஆராய்ச்சியின் பக்கம் தராசு சாய்ந்தது. பத்தாண்டு கழித்து, அதே அறக்கட்டளையின் துணையோடு, 1926-ல் இலங்கையின் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஊருக்குச் சேவை செய்யும் இடமும் பணியாளருக்குப் பயிற்சி தரும் இடமும் அங்கே ஒன்றாயின. தேடினால் நம் பக்கத்திலேயே ஒன்று உண்டு. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் எம்.பி.எச். படிப்பில், வகுப்பையும் களப்பணியையும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். மாணவர் களத்தில் செய்த வேலையைக் கொண்டுவந்து ஆசிரியர் முன் வைக்க வேண்டும். அந்த வழியை நம் பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொள்ளத் தடையென்ன இருக்கிறது?

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பாடத்தை மட்டும் திருத்தினால் போதாது. நம் மாநிலத்தில் பொது சுகாதார அதிகாரிப் பதவிகள் மருத்துவம் படித்து, அதற்குமேல் பொது சுகாதாரப் பட்டயமும் பெற்றவர்களைச் சுற்றியே அமைந்தவை. அந்த மரபு நமக்குப் பெருமை சேர்த்தது. அதைக் குலைக்கச் சொல்லவில்லை. ஆனால் சமூகவியலும் புள்ளியியலும் செவிலியமும் படித்துவிட்டு இரண்டு வருடம் எம்.பி.எச். படிக்க வரும் பிள்ளைகளுக்கு எந்த நாற்காலி காத்திருக்கிறது? 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை, பல துறை படித்தவர்களும் சேரும் பொது சுகாதார மேலாண்மைப் பணிப்பிரிவு ஒன்றை மாநிலங்கள் உருவாக்க வேண்டும் என்றது. அந்த வாசல் திறக்காதவரை, நாம் நடத்தும் மதிப்பீடு பாதி உண்மையைத்தான் பார்க்கும். ஓர் ஏழை வீட்டுப் பெண் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு, ஒப்பந்த வேலைக்கு வருடாவருடம் கெஞ்சி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. பட்டதாரிகள் எங்கே வேலை செய்கிறார்கள், என்ன சம்பளம், எத்தனை பேர் துறையைவிட்டே போனார்கள் என்பதைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் எழுதி வெளியிட வேண்டும். சேர வரும் மாணவருக்கு அது தெரிந்திருக்க வேண்டியது நியாயம்.

துணைவேந்தர்களிடமும் ஆட்சிக்குழு உறுப்பினர்களிடமும் இரு கை கூப்பிக் கேட்கிறேன். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தைப் பல்கலைக்கழக அரங்கில் வைக்காதீர்கள். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வையுங்கள். வட்டார மருத்துவ அலுவலரையும், சுகாதார ஆய்வாளரையும், கிராம சுகாதார செவிலியரையும், ஓர் ஊராட்சித் தலைவரையும், உங்கள் பழைய மாணவர்கள் இரண்டு பேரையும் சரிசமமாக உட்காரவையுங்கள். பேசுவதற்கு மட்டும் அழைக்காமல் வாக்கும் கொடுங்கள். முதல் நாள் அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். முடிவை அவர்களும் வாசிக்கும்படி தமிழில் அச்சிட்டு, அந்த நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு பிரதி ஒட்டுங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்குங்கள்.