அந்த அக்கா தேடினபோது எங்கட கட்டுரை எங்க இருந்தது?

(எங்கள் எழுத்துப் பட்டறையில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பெரிதாகத் திருத்தவில்லை.)



ஒரு கட்டுரையை எழுதத் தொடங்க முதல் என்ன திட்டம் போட வேணும் எண்டு கதைக்கச் சொன்னீங்கள். பகலில நான் சம்பளத்துக்குச் செய்யிற வேலை இதுதான். வீடு வாங்கி விற்கிற முகவர்மாரின்ர இணையப் பக்கங்களுக்குக் கட்டுரை திட்டமிடுறது. ஆக்கள் கூகிளில எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவினம், அந்தச் சொல் எங்க வரவேணும், எந்தப் படம் போடுறது, இதுகள்தான். இவ்வளவு காலமும் இங்க அதை வாய் திறந்து சொல்லேல்லை. கொஞ்சம் வெட்கம்தான்.

இப்ப சொல்லுறதுக்குக் காரணம் ஒரு அக்கா. ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்றில வாடகைக்கு இருந்தவ. இரவில கந்தோர் துப்புரவு வேலை. போன ஜனவரியில வீட்டுக்காரர் ‘என்-12’ எண்ட படிவத்தைக் கையில குடுத்து, மகன் வந்து இருக்கப்போறான், எழும்புங்கோ எண்டிட்டார். அக்கா போனில தேடியிருக்கிறா. மேல வந்த பக்கம் வீட்டுச் சொந்தக்காரருக்காக எழுதினது, குடியிருக்கிறவையைக் கெதியா எழுப்புறது எப்பிடி எண்டு. ரெண்டு கிழமையில சாமான் கட்டி, ரெண்டு பிள்ளையளோட தங்கச்சி வீட்டு ஹோலுக்குப் போயிட்டா. அந்தப் பக்கம் நான் எழுதினதோ எண்டு போய்ப் பார்த்தன். இல்லை. ஆனா நான் எழுதினதா இருந்திருக்கலாம்.

ஒன்ராறியோ சட்டப்படி ‘என்-12’ தந்தால் குறைஞ்சது 60 நாள் அவகாசம் தரவேணும். 60 நாள் முடிஞ்சாலும் அது வெறும் அறிவித்தல்தான். எழும்பத்தான் வேணும் எண்டு உத்தரவு போடுறது வீட்டு உரிமையாளர் - வாடகையாளர் சபை. அந்த உத்தரவோட வந்து ஆளை வெளியேற்றுறது செரிப் அலுவலகம். வீட்டுக்காரர் தானாப் பூட்டை மாத்தேலாது. மகன் வரப்போறான் எண்டு சொன்னால் அந்த மகன் குறைஞ்சது ஒரு வருசம் அங்க இருக்கிற எண்ணம் உண்மையா இருக்கவேணும். பொய் எண்டு பிறகு தெரிஞ்சால், வீட்டை விட்டுப் போய் ஒரு வருசத்துக்குள்ள சபையில முறையிடலாம்.

இது எல்லாம் எங்கட பக்கத்தில ஏற்கனவே இருந்தது, தோழர்களே. எழுதினது நான். தலைப்பு ‘நவதாராளவாதமும் குடியிருப்பு நெருக்கடியும்: சில அவதானங்கள்’. 60 நாள் விசயம் பதினோராவது பந்தியில கிடந்தது. படிவத்தைப் பற்றின மிச்சத்தை அழகான போஸ்டராச் செய்து, படமா ஒட்டிவிட்டிருந்தம். அந்த அக்கா அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இப்ப அதே கட்டுரையைத் திரும்ப எழுதிறம் எண்டு வையுங்கோ. முதல் வேலை, கட்டுரையைத் திறக்கிறதே இல்லை. ஒரு வெள்ளைத் தாளில, தேடுற ஆளின்ர வாயில வாற வசனத்தை எழுதுறது. ‘வாடகையாளர் உரிமை’ எண்டு ஒருத்தரும் தேடமாட்டினம். ‘வீட்டுக்காரர் எழும்பச் சொல்லுறார் என்ன செய்யலாம்’ எண்டுதான் தேடுவினம். தமிழ்நாட்டில இருந்து வந்த பிள்ளையள் எண்டால் ‘காலி பண்ணச் சொல்றாங்க’. கொஞ்சப் பேர் ஆங்கில எழுத்தில தமிழைத் தட்டுவினம். ஊர்ப் பேரையே பாருங்கோ: நாங்கள் ‘ரொறன்ரோ’, அவை ‘டொராண்டோ’. ரெண்டும் கட்டுரையில இயல்பா ஒருக்கா வரவேணும். படிவத்தின்ர பேரைத் தமிழில மட்டும் எழுதினால் ‘என்’ எண்டது ‘என்னுடைய’ எண்டு ஆகிடும்! அதால படிவத்தில அச்சடிச்சிருக்கிற மாதிரியே ஆங்கில எழுத்தையும் பக்கத்தில போடவேணும்.

இந்த வசனங்களை எங்க எடுக்கிறது? கம்பனியில இதுக்குக் காசு கட்டிற கருவியள் இருக்கு. தமிழ்ச் சொல்லைப் போட்டால் அநேகமா சுழிதான் காட்டும். சுழி எண்டால் ஒருத்தரும் தேடேல்லை எண்டு அர்த்தம் இல்லை, அந்தக் கருவி எங்களை எண்ணேல்லை எண்டு அர்த்தம். அதைவிட நல்ல சுரங்கம் எங்கட கையில கிடக்குது: எங்களுக்கு வாற வட்ஸ்அப் குரல்பதிவுகள். ஆக்கள் கேட்ட கேள்வியை அப்பிடியே எழுதி எடுங்கோ, திருத்தாதேங்கோ. பிறகு கூகிளில பாதி வசனம் தட்டி, அது தானா என்ன நிரப்புது எண்டும் பாருங்கோ.

அந்தக் கேள்வியளில ஒண்டு தலைப்பு, மற்றது உபதலைப்புகள். முக்கியமான சொல் தலைப்பின்ர முன்பக்கம் வரவேணும், ஏனெண்டால் நீளமான தலைப்பைத் தேடல் பக்கம் பாதியில வெட்டும், எங்கட எழுத்துகள் அகலமும் கூட. பதில் முதல் பந்தியிலேயே. கம்பனியில நாங்கள் பதிலைச் சொல்ல முதல் நானூறு சொல் சுத்துவம். இங்க அந்த வேலை வேண்டாம். அரசியல் பகுப்பாய்வு வேண்டாம் எண்டு சொல்லேல்லை. அது கீழ வரட்டும், அல்லது தனிக் கட்டுரையா வந்து இணைப்பில சேரட்டும். எனக்கும் பதினோரு பந்தி எழுதத்தான் ஆசை.

தாளில இன்னொரு வரி: இது யாருக்குப் பொருந்தாது? வீட்டுச் சொந்தக்காரரோட குசினியையோ குளியலறையையோ பங்குபோட்டு இருக்கிற ஆளுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. எங்கட பேஸ்மென்றுகளில அப்பிடி எத்தினை பேர் இருக்கினம்? அதை எழுதாமல் விட்டால் நாங்களே ஒராளைப் பிழையா நம்ப வைச்சிருப்பம். கடைசியாத் திருத்தின திகதியும் தெரியவேணும், இந்தச் சட்டத்தை அடிக்கடி மாத்துறாங்கள்.

படம். எங்கட எல்லாக் கட்டுரைக்கும் ஒரே படம்தான், உயர்த்தின முட்டிக்கை. வாடகைக்கும் அதே கை, சம்பளத்துக்கும் அதே கை. வட்ஸ்அப்பில இணைப்பு அனுப்பினால் கைதான் தெரியும், விசயம் தெரியாது. எழுத முதலே முடிவெடுங்கோ: எந்த இடத்தில வாசிக்கிற ஆளுக்குச் சொல் காணாது, கண்ணால பார்க்க வேணும்? இந்தக் கட்டுரைக்கு ரெண்டு படம் போதும். ஒண்டு, வெறும் படிவத்தின்ர படம், திகதி எழுதுற இடத்தில வட்டம் போட்டு. ஆற்றையும் நிரப்பின படிவத்தை எடுக்காதேங்கோ, பேரும் விலாசமும் வெளியில போகும். மற்றது, படிவம் கைக்கு வந்த நாள், 60ஆவது நாள், விசாரணை எண்டு ஒரு கோடு. கையால கீறினாலும் பரவாயில்லை.

படத்துக்குள்ள இருக்கிற தகவல் எழுத்திலயும் இருக்கவேணும். கண் தெரியாத தோழர் போனை வாசிக்க விட்டால் அது படத்தின்ர மாற்று உரையைத்தான் வாசிக்கும். தேடுபொறியும் படத்தை விளங்க அந்த உரையையும் பக்கத்தில இருக்கிற எழுத்தையும் கோப்பின்ர பேரையும் பார்க்குது. ‘என்-12 படிவத்தில் வீட்டை விட வேண்டிய திகதி எழுதப்படும் இடம்’ எண்டு ஒரு வசனம் காணும். பிறகு படத்தைச் சுருக்குங்கோ. போனில எடுத்த மூண்டு நாலு மெகாபைற் படத்தை அப்பிடியே ஏத்தினால் பழைய போனில பக்கம் திறக்க முதல் பஸ் வந்திடும்.

இடையில ஒண்டு: பாமினி எழுத்துருவில இருக்கிற எங்கட பழைய துண்டுப்பிரசுரங்கள். திரையில தமிழ் மாதிரித் தெரியும், உள்ளுக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோட்டுக்கு மாத்தாமல் அதை ஒருத்தரும் தேடி எடுக்கேலாது. அது தனிச் சிரமதானம்.

போன கூட்டத்தில ஒரு தோழர் கேட்டார், இது கூகிள் முதலாளிக்கு நாங்களும் வளைஞ்சு குடுக்கிறதில்லையோ எண்டு. நியாயமான கேள்வி. அவை நாளைக்கு விதியை மாத்தினால் எங்கட பக்கம் காணாமல் போகலாம். அதாலதான் இந்த மடலையும், தமிழ்க் கடையில வைக்கிற துண்டையும் விடக்கூடாது எண்டுறன். ஆனா இரவு ஒரு மணிக்கு வேலை முடிஞ்சு வாற ஆள் கையில எடுக்கிறது போனைத்தான். அங்க முகவர்மார் நிக்கினம், நாங்கள் இல்லை.

வாடகை, தராத சம்பளம், வேலையில காயம். முதல் இந்த மூண்டுக்கும் தாள் நிரப்புவம். வாடகைத் தாள் என்னட்ட இருக்கு. வாற ஞாயிறு அதை அந்த அக்காட்டக் கொண்டு போறன். தன்ர போனில வாசிச்சுப் பார்த்து, எந்த இடத்தில விளங்கேல்லை எண்டு சொல்லுறன் எண்டிருக்கிறா. சம்பளத்துக்கும் காயத்துக்கும் ஆற்றை பேரை எழுத?