பாட்டு யாருக்குச் சொந்தம்?

(ஓசூரில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பஞ்சப்படி பற்றிப் பேசுகிற மேடையில் இன்று பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். பாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. உழைத்துப் படைத்தவன் ஒருவன், பலன் காண்பவன் வேறொருவன் என்ற கதை பாட்டிலும் நடக்கிறது.

பாரதி வறுமையில் வாடி 1921ல் மறைந்தார். அவர் மறைந்த பின் அவர் பாட்டு விலைப்பொருளாயிற்று. அதை ஒலிபரப்பும் உரிமை கைமாறி, படமுதலாளி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் போய்ச் சேர்ந்தது. மக்கள் கவியின் பாட்டு மக்களுக்கே வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1949ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சர்க்கார் உரிமையை ஏற்றது. செட்டியாரும் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். அதையும் சொல்வதே நியாயம்.

இன்று டில்லியில் பதிப்புரிமை ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது. 1957ம் வருஷச் சட்டத்தின்படி அமைந்தது. முன்பு கல்வி இலாகாவின் கீழ் இருந்தது. 2016ல் வர்த்தக, தொழில் அமைச்சகத்துக்கு மாற்றினார்கள். பாட்டையும் புத்தகத்தையும் அரசாங்கம் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்!

அந்த ஆபீஸ் என்ன செய்கிறது? மனுவும் கட்டணமும் வாங்கி, ஆட்சேபணைக்கு 30 நாள் பொறுத்திருந்து, ரிஜிஸ்தரில் பதிகிறது. அந்தப் பதிவு கோர்ட்டில் சாட்சியமாக நிற்கும். அவ்வளவுதான். உரிமையைக் கொடுப்பது ஆபீஸ் அல்ல. நீங்கள் பாட்டை எழுதிய நிமிஷமே உரிமை உங்களுடையது. பதியாவிட்டாலும் அது போய்விடாது. ஆனால் ஒருவன் திருடினால் ஆபீஸ் ஓடி வராது. கோர்ட்டுக்கு நாம்தான் போகவேண்டும். ஏழை எத்தனை தடவை கோர்ட்டுப் படி ஏற முடியும்? ஆகவே முன்கூட்டியே விழிப்பு வேண்டும்.

சிப்காட் ஆலையில் வேலை செய்யும் ஒரு தோழர் பாட்டுக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலை வேலையாக அவர் வரைந்த படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம் என்கிறது சட்டம். ஷிப்டு முடிந்து வீட்டுத் திண்ணையில் அவர் கட்டிய பாட்டு அவருக்கே சொந்தம். கேசட்டுக் கம்பெனியோ செல்போன் கம்பெனியோ காகிதத்தை நீட்டினால் நான்கு விஷயம் பாருங்கள். எழுத்தில் இல்லாமல் உரிமை கைமாறாது. எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே. சினிமாவுக்கோ இசைத்தட்டுக்கோ பாட்டுக் கொடுத்தவரின் ராயல்டிப் பங்கை அவரிடமிருந்து கம்பெனி எழுதி வாங்க முடியாது என்று 2012ல் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடும் பாட்டுக்கு மட்டும் அது பொருந்தாது.

நாற்று நடும் பெண்கள் தலைமுறையாகப் பாடிவரும் பாட்டு யாருடைய தனிச்சொத்தும் அல்ல. அதைத் தன்னுடையது என்று எவன் வந்தாலும் நம்பாதீர்கள்.

தோழர்களே! பாட்டை நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். எந்தக் காகிதம் வந்தாலும் சங்கத்துக்குக் கொண்டுவந்து, படித்துக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.