கால் வளையம் சொல்லும் சேதி



பறவையை எதற்குப் பிடிக்கிறார்கள்? விற்க, சமைக்க, கூண்டில் அடைக்க. இது நமக்குத் தெரியும். ஆராய்ச்சிக்காகவும் பறவை பிடிக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் ஐதராபாத்தை நிஜாம் ஆண்ட காலம். 1931-ல் சலீம் அலி என்ற அறிஞர் இந்தப் பகுதியின் பறவைகளை ஆராய்ந்தார். அப்போதெல்லாம் பறவையைச் சுட்டு, தோலைப் பாடம் செய்துதான் ஆராய்வார்கள். செத்த பறவை தன் பயணத்தைச் சொல்லுமா? சொல்லாது.

அதற்கு வேறு வழி வந்தது. பறவையை உயிரோடு பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் போட்டு, பறக்க விடுவது. 1899-ல் டென்மார்க் நாட்டு ஆசிரியர் ஒருவர் அலுமினிய வளையம் போட்டுக் காட்டினார். நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் இந்த வேலையைப் பெரிய அளவில் தொடங்கியது.

தமிழ்நாட்டில் கோடியக்கரையில் இந்த வேலை நடக்கிறது. அது உப்பளங்கள் நிறைந்த கடலோரம். குளிர்காலத்தில் கடற்காகங்கள் அங்கே வரும். பழுப்புத்தலைக் கடற்காகம் கூடு கட்டுவது லடாக், திபெத் மலை ஏரிகளின் கரையில். எவ்வளவு தூரம் பாருங்கள்!

பறவை பிடிக்கக் கைப்பழக்கம் வேண்டும். பீகாரில் மீர்ஷிகார் என்ற மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்தவர்கள். கண்ணியும் வலையும் அவர்களுக்குக் கைவந்த கலை. பறவையைக் கொல்லப் பயன்பட்ட அந்தத் திறமை, அதைக் காக்கவும் உதவியது. வலையில் விழுந்த பறவையைச் சிறகு ஒடியாமல் எடுப்பார்கள். எடை பார்த்து, இறக்கையை அளந்து, வளையம் மாட்டி, உடனே விட்டுவிடுவார்கள்.

அடைகாக்கும் பறவையைப் பிடிப்பது இன்னும் கவனமான வேலை. ஐரோப்பாவில் துறைமுகங்களிலும் ஆலைக் கூரைகளிலும் கடற்காகம் கூடு கட்டுகிறது. அங்கே கூட்டின் மேல் கம்பிக்கூண்டு வைப்பார்கள். முட்டைகளை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, போலி முட்டைகளை வைப்பார்கள். பறவை துடித்தாலும் முட்டை உடையாது. வேலை முடிந்ததும் முட்டைகள் கூட்டுக்குத் திரும்பும்.

நம் விருப்பத்துக்கு இப்படிப் பிடிக்கலாமா? கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும்.

ஆனால் நமக்கும் ஒரு வேலை உண்டு. ஏரிக்கரையில் செத்துக் கிடக்கும் பறவையின் காலில் வளையம் இருந்தால், அதைத் தூக்கி எறியாதீர்கள். அதில் உள்ள எண்ணைப் படியுங்கள். எண், தேதி, ஊர் மூன்றையும் ஒரு கடிதத்தில் எழுதி மும்பையில் உள்ள அந்தக் கழகத்துக்கு அனுப்புங்கள். யாரும் படிக்காவிட்டால் வளையம் வெறும் தகடுதான். படிக்கத் தெரிந்தவர் கையில் கிடைத்தால் அது சேதி. உங்களுக்கு இப்போது படிக்கத் தெரியும்.