நம்ம வலைத்தளத்துக்கும் பூட்டு வேணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம்ம பொருள்களை விற்க ஒரு வலைத்தளம் தொடங்கணும்னு இன்றைய தீர்மானத்தில் இருக்கிறது. நல்ல விஷயம். குற்றாலச் சீசனுக்கு வந்து நம்மகிட்ட மசாலாப் பொடியும் வத்தலும் வாங்குறவங்க, ஊருக்குப் போன பிறகும் வாங்கலாம். ஆனால் அந்தத் தளத்துக்குப் பூட்டு உண்டா என்று முதலில் கேட்க வேண்டியது நாம்தான்.

செல்போனில் ஒரு தளத்தின் முகவரியை முழுசாப் பார்த்தால், சிலதில் எச்டிடிபி என்று தொடங்கும். சிலதில் அதோடு ஒரு ‘எஸ்’ கூடுதலாக இருக்கும். அந்த ஓர் எழுத்துதான் பூட்டு.

எஸ் இல்லாத தளம் போஸ்ட் கார்டு மாதிரி. நீங்க அதில் எழுதுற பெயர், விலாசம், போன் நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் லாட்ஜ் வைஃபை, போன் கம்பெனி, இன்னும் பல கம்ப்யூட்டர்கள் வழியாகப் போகும். நடுவில் இருக்கிறவங்க படிக்கலாம், திருத்தவும் செய்யலாம். எஸ் இருந்தால் எழுதினது யாருக்கும் புரியாத குறியீடாக மாறிப் போகும். திறக்கிற சாவி நம்ம போனிலும் அந்தத் தளத்திலும் மட்டும்தான் இருக்கும்.

நடுவழியில யாரு கை வைக்கப் போறான்னு நினைக்காதீங்க. 2015 ஜூனில் பெங்களூரு மென்பொருளாளர் ஒருவர் தன் சொந்தத் தளத்தை ஏர்டெல் 3ஜி இணைப்பில் திறந்தார். தான் எழுதாத வரிகள் அதில் நுழைந்திருப்பதைக் கண்டு ஊரறியச் சொன்னார். எவ்வளவு டேட்டா செலவாகுதுன்னு வாடிக்கையாளருக்குக் காட்டத்தான் என்று கம்பெனி விளக்கம் தந்தது. காரணம் எதுவானாலும், பூட்டில்லாத பக்கத்தில்தான் இப்படி நுழைய முடியும்.

“நம்மகிட்ட என்னக்கா ரகசியம்?” என்று சிலர் கேப்பாங்க. நம்ம நோட்டைத் திறந்து பாருங்க. யார் எதுக்குக் கடன் வாங்கினா, யாருக்குத் தவணை நின்னுபோச்சு, யாருடைய ஆதார், வங்கிக் கணக்கு எண், எல்லாம் அதில் இருக்கு. அதைக் குற்றாலம் பஸ் ஸ்டாண்டில் ஒட்டி வைப்போமா? கர்ப்பப்பைக் கோளாறு பற்றியோ, வீட்டில் அடி வாங்குறதுக்கு உதவி தேடியோ ஒரு பெண் போனில் படிக்கிறாள். பூட்டு இருந்தால், எந்தத் தளத்துக்குப் போனாள் என்பது நடுவில் தெரிந்தாலும், அங்கே என்ன படித்தாள், என்ன எழுதினாள் என்பது தெரியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னாங்க. அது நமக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

செலவு ஆகுமேன்னு தயங்க வேண்டாம். இந்தப் பூட்டுக்கான சான்றிதழை ‘லெட்ஸ் என்க்ரிப்ட்’ என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு 2015 கடைசியிலிருந்து எல்லாருக்கும் இலவசமாகத் தருது. 2018 ஜூலையிலிருந்து எஸ் இல்லாத தளத்தைக் குரோம் ‘பாதுகாப்பற்றது’ என்றே காட்டுது. அதைப் பார்த்த பிறகு யார் நம்மகிட்ட பொடி வாங்குவா?

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. பூட்டு வழியைத்தான் காக்கும். அந்தப் பக்கம் இருக்கிறவன் யோக்கியன்னு சொல்லாது. போலி வங்கித் தளத்துக்கும் எஸ் இருக்கும். அதனால முகவரியை எழுத்துக்கூட்டிப் படிங்க. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க. பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் பேசுங்க.

தீர்மானத்தில் மூணு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டுற பக்கம் மட்டுமில்லாமல் தளம் முழுசும் பூட்டுக்குள் இருக்கணும். சான்றிதழ் காலாவதி ஆகாமல் தானாகப் புதுப்பிக்க, தளம் செய்து தருபவர் ஏற்பாடு செய்யணும். உறுப்பினர் பட்டியலும் கடன் விவரமும் அந்தத் தளத்தில் ஏறவே கூடாது.

சேமிப்புப் பெட்டிக்கு ஒரு பூட்டு, சாவி ஒருத்தர்கிட்ட, பெட்டி இன்னொருத்தர்கிட்டன்னு பழகினவங்க நாம. இந்தப் பூட்டையும் நாமே கேட்டு வாங்குவோம்.