பொன் தேடுவோரும் பாலை நாய்களும்



பாலைத் திணைக்கு உரிய உயிர்களுள் ஒன்றாகச் செந்நாயை வைத்தனர் தமிழ்ச் சான்றோர். அத்திணையின் ஒழுக்கம் பிரிவு. பிரிவின் வகைகளுள் ஒன்று பொருள்வயிற் பிரிவு. வீட்டையும் விரும்பியவளையும் விட்டுப் பொருள் தேடிச் செல்பவன் நீரற்ற வழியில் நடக்கிறான். அவ்வழி செந்நாய் திரியும் வழி. பொருள், வறண்ட நிலம், நாய் என்னும் மூன்றும் ஓரிடத்தில் கூடும் காட்சி தமிழ்க் கவிதைக்குப் புதியதன்று. அம்மூன்றும் இன்றளவும் கூடுகின்ற நிலம் ஒன்று உண்டு. அதுவே ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலை. அங்கே தேடப்படும் பொருள் பொன். எதிர்ப்படும் நாய் டிங்கோ. செந்நாயும் டிங்கோவும் ஒரே இனம் அல்ல. ஆயினும், அந்த எதிர்ப்படலில் மனிதன் எதைக் காண்கிறான், எதைக் காணத் தவறுகிறான் என்னும் வினா கவிஞர்க்கு உரியது. இவ்வுரை அவ்வினாவையே பொருளாகக் கொள்கிறது.

முதலில் அந்நிலத்தை அறிதல் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியில் ஆர்தர் பெய்லி, வில்லியம் ஃபோர்டு என்னும் இருவர் பொன்னைக் கண்டனர். 1892 செப்டம்பரில் பெய்லி 554 அவுன்ஸ் பொன்னைச் சதர்ன் கிராஸ் என்னும் ஊருக்குக் கொண்டுசென்று தம் உரிமையைப் பதிவு செய்தார். மறு ஆண்டிலேயே பேடி ஹன்னனும் அவர் தோழர் இருவரும் கால்கூர்லியில் அடுத்த பொன்வயலைக் கண்டனர். ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டனர். பொன் இருந்தது, தண்ணீர் இல்லை. ஆற்று நீரில் மண்ணை அலசிப் பொன் பிரிக்கும் முறை அங்கே பயன்படவில்லை. எனவே நீர் செய்ய வேண்டிய வேலையைக் காற்றிடம் ஒப்படைத்தனர். ஒரு தட்டில் அள்ளிய மண்ணை உயர்த்திப் பிடித்து, கீழே வைத்த தட்டில் மெல்லச் சரித்தனர். தூசு காற்றோடு போயிற்று. கனத்த பொன்துகள் தட்டில் தங்கியது. களத்துமேட்டில் நெல் தூற்றுவதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மண் பதராய்ப் பறந்தது. பொன் மணியாய் நின்றது.

குடிநீர் விலைக்கு விற்கப்பட்டது. குடற்காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. பெர்த் நகரை அடுத்த அணையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு குழாய் பதித்த பின்னரே, 1903ஆம் ஆண்டில், கால்கூர்லிக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. நீர் ஓர் அரும்பொருளாய் இருந்த அந்நிலத்தில், வெள்ளையர் வருமுன்பே வாழ்ந்துவந்த இரு சாரார் நீரின் இருப்பிடத்தை அறிந்திருந்தனர். ஒரு சாரார் தொல்குடி மக்கள். மற்றொரு சாரார் டிங்கோ நாய்கள். வறண்ட ஓடையின் மணலைக் கால்களால் தோண்டி அடியில் ஊறும் நீரைக் குடிக்கும் திறம் அந்நாய்க்கு உண்டு.

இன்றும் பொன் தேடுவோர் அங்கே உள்ளனர். அரசிடம் உரிமச் சீட்டுப் பெற்று, வண்டியில் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு, உலோகத்தைக் காட்டும் கருவியைத் தரையின்மேல் இடமும் வலமும் வீசிக்கொண்டு தனியே நடக்கின்றனர். அவ்வாறு நடப்பவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கருவியின் ஓசை வெளியே சிதறாதிருக்க இரு செவிகளையும் மூடியிருக்கிறார். கண்கள் காலடியை விட்டு அகலுவதில்லை. மண்ணுள் கிடக்கும் ஒரு குன்றிமணிப் பொன்னுக்காகச் சுற்றியுள்ள உலகத்தை அவர் துறந்துவிட்டார் எனலாம். முதுகு நோகிறது என்று நிமிர்கிறார். முப்பது அடித் தொலைவில் முட்புதர் ஓரமாகச் செம்மண் நிறத்தில் ஒரு நாய் நிற்கிறது. அது எப்போது வந்தது என்பது அவருக்குத் தெரியாது. எவ்வளவு நேரமாகப் பார்க்கிறது என்பதும் தெரியாது. குரைக்கவில்லை, வாலைக் குழைக்கவில்லை, ஓடவும் இல்லை. அவர் பொன்னைத் தேடிக்கொண்டிருந்தபோது, அது அவரை ஆராய்ந்துகொண்டிருந்தது.

இரவில் அந்நாய்களின் ஊளை கேட்கும். ஒன்று தொடங்க, தொலைவில் இன்னொன்று ஏற்க, அடிவானம் முழுவதும் அவ்வொலி பரவும். விடிந்தபின் கூடாரத்தைச் சுற்றிக் காலடித் தடங்கள் இருக்கும். வெளியே விட்ட தோல் காலணி காணாமற் போயிருக்கும். பொன் தேடுவோர் பலர்க்கும் இவ்வளவே அந்நாயோடு நேரும் உறவு. பெரும்பாலான எதிர்ப்படல்கள் எவர்க்கும் தீங்கின்றி முடிகின்றன. ஆயினும், அந்த ஒரு கணத்தில் மனத்துள் எழும் சொல் எது என்பதைப் பொறுத்தே பின்விளைவு அமைகிறது.

அச்சொல்லின் வரலாறு கருதத்தக்கது. சிட்னிப் பகுதியில் வாழ்ந்த தாருக் மக்களின் மொழிச்சொல் டிங்கோ. 1788ஆம் ஆண்டில் வந்திறங்கிய முதற் கப்பற்படையைச் சேர்ந்த வாட்கின் டென்ச், மறு ஆண்டு வெளியான தம் நூலில் அச்சொல்லைப் பதிவு செய்தார். அந்நாய் கடல் கடந்துவந்த மனிதரோடு அக்கண்டத்தை அடைந்தது. நல்லர்பார் சமவெளியின் மதூரா குகையில் கிடைத்த அதன் எலும்புகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அது ஆண்டுக்கு ஒருமுறையே குட்டி ஈனும். வீட்டு நாய்போல் ஓயாது குரைப்பதில்லை. தொல்குடி மக்கள் அதன் குட்டிகளை வளையிலிருந்து எடுத்து வளர்த்தனர். குளிர்ந்த இரவில் அருகணைத்துத் துயின்றனர். வளர்ந்த நாய் துணை தேடிக் காட்டுக்குத் திரும்பியபோது அதனைத் தடுக்கவில்லை. அதே மக்களின் மரபில் அஞ்சத்தக்க நாயும் உண்டு. உலுரு என்னும் பெரும் பாறையைச் சார்ந்த பழங்கதையில், குர்ப்பனி என்னும் நாய்வடிவக் கொடிய உயிர், மாலா மக்களை அழிக்க ஏவப்படுகிறது. குட்டியை மடியில் கிடத்தி வளர்த்தவர்களே அதன் பல்லின் கூர்மையையும் மறவாமல் கதையாக்கி வைத்தனர். அன்பு ஒரு கண், அச்சம் ஒரு கண் என இரண்டையும் அவர்கள் திறந்தே வைத்திருந்தனர்.

பின்வந்தோர் அவ்வாறு செய்யவில்லை. செம்மறி வளர்த்தோர்க்கு அந்நாய் பகையாயிற்று. ஓரிரவில் பல ஆடுகள் குதறப்பட்டுக் கிடக்கக் கண்ட குடியானவனின் துயரம் பொய்யன்று. அதனை எளிதாய் எண்ணுதலும் அறமன்று. ஆயினும் அத்துயரத்திலிருந்து எழுந்த சொல் எல்லையின்றி வளர்ந்தது. கோழையை, நம்பிக்கைத் துரோகியை ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் டிங்கோ என்று இகழ்ந்தனர். நாயின் தலைக்கு விலை வைத்தனர். தென்கிழக்கு மேய்ச்சல் நிலங்களைக் காக்க எழுந்த வேலி இன்று 5,614 கிலோமீட்டர் நீளம் உடையது. ‘1080’ என்னும் நஞ்சு கலந்த இறைச்சித் துண்டுகள் நிலமெங்கும் இடப்படுகின்றன. அந்நஞ்சின் வேதிப்பொருள் மேற்கு ஆஸ்திரேலியச் செடிகள் சிலவற்றில் இயல்பாகவே உள்ளது. அவ்விடத்துத் தொன்மையான விலங்குகள் பல அதனைத் தாங்கப் பழகியவை. நாய்க்கோ அது சிறிதளவே போதும். பொன் தேடுவோர் உடன் அழைத்துச் செல்லும் வளர்ப்பு நாய்களும் அவ்விறைச்சியைத் தின்று துடித்து இறப்பதுண்டு. நஞ்சுக்குக் காட்டு நாய், வீட்டு நாய் என்னும் வேறுபாடு தெரியாது.

அரசு ஏடுகள் டிங்கோ என்னும் பெயரையும் பெரும்பாலும் தவிர்த்து, கலப்பினத்தையும் ஓடிப்போன வளர்ப்பு நாயையும் சேர்த்து, ‘காட்டு நாய்’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கின. கலப்பு மிகுந்துவிட்டது, தூய டிங்கோ அருகிவிட்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வு, முன்னர்க் கருதியதைவிடக் கலப்பு மிகக் குறைவு என்று காட்டியது. பெயர் மாறியதால் நாய் மாறிவிடவில்லை. அதனைக் கொல்வோரின் உறுத்தல் குறைந்தது, அவ்வளவே.

பகைச்சொல் நாயை மட்டும் வருத்தியது என்று எண்ணுதல் தவறு. எதிர்த்திசையில் பிறழ்ந்த பார்வையும் உண்டு. 1980 ஆகஸ்டு 17ஆம் நாள் இரவு, உலுரு அருகே கூடாரமிட்டுத் தங்கிய லிண்டி சேம்பர்லேன் என்னும் தாய், டிங்கோ தம் குழந்தையைக் கவ்விச் சென்றது என்று கதறினார். அசாரியா என்னும் அக்குழந்தைக்கு அகவை ஒன்பது வாரம். தடம் பார்ப்பதில் வல்ல தொல்குடி மக்கள் கூடாரத்தின் அருகே நாயின் தடத்தைக் கண்டனர்; கண்டதைச் சொன்னார்கள். ஆனால் நகரத்து மனிதர்க்கு அந்நாய் அத்தகையது என்று தோன்றவில்லை. அழாத தாயின் முகமே அவர்களுக்குச் சான்றாகிவிட்டது. 1982ஆம் ஆண்டில் அவர்க்கு வாழ்நாள் சிறை விதிக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டில் குழந்தையின் மேற்சட்டை அப்பாறையருகே கிடைத்தபின் விடுவிக்கப்பட்டார். 1988ஆம் ஆண்டில் தீர்ப்பு நீக்கப்பட்டது. டிங்கோவே குழந்தையைக் கொண்டுசென்றது என்று இறப்பு விசாரணை அதிகாரி அறுதியிட்டுக் கூறியது 2012ஆம் ஆண்டில். மணலில் அன்றிரவே எழுதப்பட்டிருந்த செய்தியை ஒரு நாடு வாசித்து முடிக்க முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. மகளைப் பறிகொடுத்தவள் கொலைகாரியும் ஆக்கப்பட்டாள்.

பகைமையால் மறையும் கண்போல, பரிவால் மறையும் கண்ணும் உண்டு. பெரும் பொற்சுரங்கங்களின் குப்பைமேடுகள் பாலை நாய்களை ஈர்க்கின்றன. தனாமி பாலையின் சுரங்கக் குப்பையை நம்பி வாழ்ந்த நாய்களை ஆய்ந்தோர், அவை தொலைவு சென்று வேட்டையாடாமல் அங்கேயே தங்கி மிகுந்ததைக் கண்டனர். மனிதன் கையிலிருந்து ஒருமுறை உண்ட நாய் மறுமுறை கேட்டு நிற்கும், கொடாதபோது பறிக்கும். 2018ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவின் டெல்ஃபர் பொற்சுரங்கத்தில் பணியாளர் ஒருவரை டிங்கோக்கள் கடித்துக் குதறின. கரி என்று இன்று வழங்கும் முன்னாள் பிரேசர் தீவில் 2001ஆம் ஆண்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அதனைத் தொடர்ந்து முப்பதுக்கு மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன. ரொட்டித் துண்டை எறிந்தவர் அன்பு செய்ததாகவே எண்ணியிருப்பார். அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு; கொடுத்த நாய்களும் வேறு.

எனில், செம்மண் நிலத்தில் தனியே நிமிர்ந்து பார்த்த அம்மனிதர் செய்ய வேண்டுவது யாது? பாலையறிந்தோர் கூறும் நெறி எளியது. ஓடாதே, ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. நிமிர்ந்து நில். கைகளை மார்போடு கட்டிக்கொள். முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொள். முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்கு. உணவு எறியாதே, கல்லும் எறியாதே. உணவைப் பெட்டிக்குள் பூட்டு. காலணியை உள்ளே வை. இவை வெறும் பாதுகாப்பு விதிகள் போல் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் இவற்றுள் ஓர் அறம் உள்ளது. எதிர்நிற்கும் உயிரை அழிக்கவும் வேண்டாம், உடைமையாக்கவும் வேண்டாம். கண்ணை விலக்காமல், இடையில் உள்ள வெளியைக் காப்பாற்று என்பதே அது.

கவிஞர் பெருமக்களே, பொருளோடு சொல்லுக்கு உள்ள உறவும் இத்தகையதே. அணுக்கம் மிகுந்தால் சொல் பொருளைத் தின்றுவிடும். அச்சம் மிகுந்தால் சொல் பொருளின்மேல் நஞ்சாய் விழும். செந்நாயைப் பாலைக்கு உரியதாக வைத்த சான்றோர், அதனைத் தீயது என்றும் சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. அது அங்கே உண்டு என்றனர். அவ்வாறு ஓர் உயிரை அதன் இடத்தில் நிற்கவிட்டுச் சொல்லுதல் எளிதன்று. கூடாரத்தைச் சுற்றிப் பதிந்த தடங்கள் நண்பகல் காற்றில் அழிந்துபோகும். அவற்றைப் படிக்க விரும்புவோர் கருவியைத் தரையில் வைத்துவிட்டு, விடியற்காலையிலேயே குனிந்து பார்த்தல் வேண்டும்.