புதுவைக் கடலில் மூழ்கிய கப்பல்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வில்லியனூர், பாகூர் கிராமங்களில் வாழும் நாம் ஏரை நம்பியவர்களாயினும், ஐப்பசி முதல் மார்கழி வரை நம் வாழ்வும் தாழ்வும் கடலின் கையில் இருக்கின்றன. ஆதலின் அக்கடலில் நிகழ்ந்த பழைய துயரம் ஒன்றைக் கூற விழைகின்றேன்.

‘த்யூக் தக்கித்தேன்’ என்பது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வர்த்தகக் கப்பல். 1757-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றிப் போர்க்கப்பலாக்கினர். 1760-இல் அவர்கள் வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்துப் புதுவையை முற்றுகையிட்டனர். ஆண்டிறுதியில் அக்கப்பலும் தளபதி ஸ்டீவன்ஸின் படையுடன் புதுவைக்கெதிரே நங்கூரமிட்டிருந்தது. புதுவைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. அக்காலத்தில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நின்றன. சலங்குகளே அலைதாண்டிச் சரக்கைக் கரைசேர்த்தன.

1761 ஜனவரி 1 அன்று பெரும்புயல் எழுந்தது. ஸ்டீவன்ஸ் நங்கூரக் கயிற்றை வெட்டி ஆழ்கடல் நோக்கிச் சென்றார். ஏனையோரும் அவ்வாறு செய்யப் பீரங்கி வெடித்துக் குறிப்புக் கொடுத்தார். காற்றின் இரைச்சலில் அது எவர் செவிக்கும் எட்டவில்லை. உத்தரவின்றி அசையலாகாது என்று மற்றக் கப்பல்கள் நின்றன. த்யூக் தக்கித்தேனும், சண்டர்லாந்தும், டியூக் என்னும் பண்டக் கப்பலும் மூழ்கின. சுமார் 1,100 பேர் மாண்டனர். மறுநாள் உடைந்த மரங்களைப் பற்றி மிதந்தவர் பதினால்வரே: ஐரோப்பியர் 7 பேர், லாஸ்கர் எனப்பட்ட கீழ்த்திசை மாலுமிகள் 7 பேர். பட்டினியால் வாடிய நகரத்தாருக்கும் இப்புயலால் விடிவில்லை. சில தினங்களில் முற்றுகை மீண்டது. ஜனவரி 16 அன்று வில்லியனூர் வாயில் ஆங்கிலேயர் வசமாயிற்று.

நிற்க. இதனால் நாம் அறியத்தக்கது யாது? எச்சரிக்கை கொடுத்தால் மட்டும் போதாது. அது சேரவேண்டிய செவியைச் சேரவேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலையும், 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயலையும் கண்டோம். பின்னதை அடுத்துச் சாத்தனூர் அணைநீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதியைச் சூழ்ந்ததையும் கண்டோம். இன்று புயற்செய்தி பல நாள் முன்னரே வருகின்றது. ஆனால் கடைத்தெருவைத் தாண்டி, கடைசி வீட்டில் தனித்திருக்கும் மூதாட்டிக்கு அதனை யார் உரைப்பார்?

ஊர்தோறும் இளைஞர் இருவரை இச்சங்கம் இப்பணிக்கு நியமித்தல் வேண்டும். முதியோரையும் கன்றுகாலிகளையும் மேட்டுநிலம் சேர்ப்பது அவர் கடமையாகுக. நம்மவர், பிறர் என்னும் வேற்றுமை அங்கே வேண்டா. அப்பதினால்வரைத் தாங்கிய மரங்கள் அவர்தம் குலத்தையும் தேசத்தையும் கேட்கவில்லை.